அத்தை மீன் பிடிக்கத்தான் போனாள்

நம் பள்ளிக் குழுவில் போன வாரம் ஒருத்தி அமிர்தி அருவியின் படத்தைப் போட்டு, சின்ன வயதில் யாராவது அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தாள். ஆளாளுக்குப் பதில் போட்டீர்கள். பள்ளி டூர், கூண்டுக்குள் மான், குரங்கு பறித்துக்கொண்டு போன புளிசாதம். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் இரண்டு வரியில் நிற்காது என்று தெரியும். நமக்கெல்லாம் அறுபதை ஒட்டி வந்துவிட்டது. இதில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். மீதி இருக்கிற ஒருவரிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

நான் அமிர்திக்கு ஒரு பனிக்காலம் முழுக்கப் போயிருக்கிறேன். நாலாம் வகுப்பு படித்த வருஷம். நீங்கள் பார்த்த அருவிக்கு இல்லை. அதற்கும் மேலே, ஓடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்தால் ஒரு மடு வரும். அங்கே மீன் பிடிக்க. கூட்டிக்கொண்டு போனது என் அத்தை, அப்பாவின் தங்கை.

அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது. ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிற லைனில் வேலை. காலையில் டிபன் டப்பாவோடு போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவாள். வீட்டில் அவள் குரல் கேட்பதே அபூர்வம். பெண் பார்க்க வருகிறவர்கள் வருவார்கள், போவார்கள், பதில் வராது. அம்மா பெருமூச்சு விடுவாள். அத்தை காபி தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். எனக்குத் தெரிந்த அத்தை அவ்வளவுதான்.

அப்பா டேனரியில் தோல் பதனிடும் டிரம் ஓட்டுகிறவர். அவர் நகக்கண்களில் எப்போதும் ஒரு நீலம் இருக்கும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. டேனரித் தோல் வாசனையில்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம், உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வாசனை இல்லாத காற்றை நான் முதன்முதலில் இழுத்தது அமிர்திக்கு மேலேதான். பயந்துவிட்டேன். மூக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

அத்தையோடு ஒரே லைனில் தைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா நிக்காஹ் ஆகி வேலூருக்குப் போயிருந்தார். நான் அவரை ஆபா என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபா வீட்டுக்குப் போய் எம்ப்ராய்டரி கற்றுக்கொள்ளப் போவதாக, தீபாவளி முடிந்த கையோடு அத்தை வீட்டில் சொன்னாள். கல்யாணமாகாத பெண் தனியாக வேலூர் வரை போய் வருவதா என்று அம்மா யோசித்தாள். கடைசியில், போவதானால் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போ என்றாள். பாப்பா என்பது நான். அம்மா என்னைத் துணைக்கு அனுப்பவில்லை, காவலுக்கு அனுப்பினாள். அது புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

முதல் ஞாயிறு வேலூரில் இறங்கியதும் ஆபா வீட்டுப் பக்கம் போகாமல் அத்தை இன்னொரு பஸ்ஸில் ஏறினாள். அமிர்தி என்று கண்டக்டர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மான் பார்க்கப் போகிறோம், முதலை பார்க்கப் போகிறோம். ஆனால் அத்தை மிருகக்காட்சிசாலை வாசலைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தாள். நான் அழுதேன். திரும்பிப் பார்த்தாளே தவிர நிற்கவில்லை. அருவிக்குப் போகிற கும்பலையும் விட்டு விலகி, உண்ணிச்செடிகளுக்கு நடுவே ஆடு போகிற தடத்தில் ஏறினாள். அழுதால் பின்தங்கிவிடுவேன் என்று தெரிந்ததும் அழுகையை நிறுத்திக்கொண்டேன்.

அது பாதையே இல்லை. ஓடையில் இறங்கி, கல் மேல் கல்லாகத் தாண்டி, ஆழம் வந்தால் கரையேறி, மூங்கில் புதர் வந்தால் மறுபடி இறங்கி நடக்க வேண்டும். பாறைகள் யானை முதுகு மாதிரி வழுவழுப்பாக இருந்தன. தண்ணீர் எலும்பில் குத்துகிற குளிர்ச்சி. செருப்பைக் கழற்றி ஒயர் கூடையில் போடச் சொன்னாள். இரண்டு பாறைக்கு நடுவே தண்ணீர் விழுந்து விழுந்து குடைந்த ஒரு மடு வந்தது. நம் வகுப்பறை அளவு இருக்கும். அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. அங்கே அத்தை நின்றாள்.

பாறை இடுக்கில் கையை விட்டு ஒரு மூங்கில் கழியை உருவினாள். நான் வாயைப் பிளந்தேன். அப்படியென்றால் அவள் ஏற்கனவே இங்கே வந்திருக்கிறாள். போன வருஷம் கம்பெனிப் பெண்கள் டூர் வந்தபோது கூட்டத்தை விட்டு மேலே ஏறிப் பார்த்தாளாம், மீன் இருந்ததாம், அதற்குப் பிறகு லீவு போட்டு இரண்டு தடவை தனியாக வந்தாளாம். தனியாக வந்தால் பஸ்ஸில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், குழந்தை கூட இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. இதையெல்லாம் ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள்.

நான் அத்தையின் கணுக்காலைக்கூட அதற்கு முன்னால் சரியாகப் பார்த்ததில்லை. அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் பார்த்ததில்லை. வேறு யாரோ ஒரு பெண் என் அத்தையின் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

தூண்டில் முள்ளை ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்து வந்திருப்பாள். நூல், கம்பெனியில் அப்பர் தைக்கிற நைலான் நூல். இரை, வழியில் பிடித்த வெட்டுக்கிளி. என்னிடம் ஒன்றுதான் சொன்னாள், நிழல் தண்ணீரில் விழக்கூடாது. நீங்கள் ஏரி மீன், குளத்து மீன் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கலங்கல் தண்ணீரில் கண் தெரியாது. இது அப்படி இல்லை. கெண்டைதான், ஆனால் ஓடைக்கல்லின் நிறம், துடுப்பு நுனியில் மட்டும் ஒரு செம்மஞ்சள். நீரோட்டத்துக்கு எதிராக மூஞ்சியை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று நீந்தும். நாம் இருமினால் போய்விடும். அத்தை அரைமணி நேரம் அசையாமல் நிற்பாள். வெட்டுக்கிளி ஓட்டத்தில் மிதந்து மீனின் தலைக்கு மேலே போகும். ஒரு மினுக்கு. கழி வளையும். அந்த நொடியில் அத்தையின் தொண்டையிலிருந்து வரும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை.

பிடித்ததில் சின்னதைத் திரும்ப விட்டுவிடுவாள். பெரியதில் இரண்டை மட்டும் உப்பு, மிளகாய்த்தூள் தடவிச் சுள்ளியில் சுடுவோம். மற்றதையும் விட்டுவிடுவாள். எனக்கு ஆறவில்லை. ஏன் என்று கேட்டேன். வீட்டுக்கு எடுத்துப் போனால் எங்கே வாங்கினாய் என்று கேட்பார்களே என்றாள். திரும்பும்போது எலுமிச்சம் பழத்தை வெட்டி இருவர் கையிலும் தேய்ப்பாள். வேலூர் மார்க்கெட்டில் பூ வேலை செய்த கைக்குட்டை ஒன்று வாங்குவாள். அதை அவளே தைத்தது என்று அம்மாவிடம் காட்ட வேண்டும். ஆபா வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்பதை பஸ்ஸிலேயே முடிவு செய்துகொள்வோம். எனக்குச் சேமியா பிடிக்கும், ஆகவே எல்லா ஞாயிறும் ஆபா சேமியா செய்தார்.

அம்மா அந்தக் கைக்குட்டைகளை அலமாரியில் மடித்து அடுக்கி வைத்தாள். அத்தைக்குக் கல்யாணம் ஆனால் சீர்வரிசையோடு வைக்கலாம் என்றாள். கைக்குட்டை அடுக்கு உயர உயர எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மடுவில் இருந்த நேரத்தில் ஆபா ஆம்பூருக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தங்கைக்கு நிக்காஹ், பத்திரிகை கொடுக்க வந்திருந்தார். அம்மா அவரைப் பார்த்துத் திகைத்து நின்றாளாம். ஆபா எதுவும் அறியாமல், இன்னா அண்ணி, நாலு மாசமா உங்க நாத்தனார் ஆளையே காணோம், உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார். அம்மா ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

நாங்கள் திரும்பியபோது வீடு எப்போதும் போல இருந்தது. அம்மா சோறு போட்டாள். புதுக் கைக்குட்டையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். அத்தை குளிக்கப் போனதும் ஒயர் கூடையைக் கவிழ்த்தாள். அடியில் அத்தையின் ஈரப் பாவாடை இருந்தது. அதன் ஓரத்தில் ஆற்று மணல். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேறு பக்கம் பார்த்தார். எனக்கு விஷயம் புரியவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் அம்மா என்னை மாமா வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மாமா அம்மாவின் அண்ணன். பேரணாம்பட்டிலிருந்து மாற்றலாகி அப்போதுதான் நம் ஊருக்கு வந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் என்ன முடிவு எடுத்தாலும் அவர் வார்த்தைதான் கடைசி. அப்பாவும் வந்திருந்தார், ஆனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், உள்ளே வரவில்லை. மாமா எனக்குக் குல்பி வாங்கி வைத்திருந்தார். மடியில் உட்கார வைத்து, ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று கேட்டார்.

நான் ஆபா வீடு, சேமியா என்று ஆரம்பித்தேன். ஆபா நேற்று இங்கேதான் இருந்தார் என்று அம்மா சொன்னாள். என் கையில் குல்பி உருகி முழங்கை வரை வழிந்தது. சரி, உண்மையைச் சொல்லிவிடலாம், உண்மையில் ஒன்றும் தப்பு இல்லையே என்று நினைத்தேன். நம்புங்கள், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அமிர்தி, ஓடை, மடு, மீன் எல்லாம் சொன்னேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யார் வந்தது என்று கேட்டார்கள். யாரும் வரவில்லை, நானும் அத்தையும்தான் என்றேன். யார் மீன் பிடித்தது? அத்தை. பிடித்த மீன் எங்கே? இரண்டைச் சுட்டுத் தின்றோம், மற்றதைத் தண்ணீரில் விட்டுவிட்டோம். மாமா சிரித்தார். ஒரு பொம்பளை இரண்டு பஸ் மாறி, மலையேறி, மீனைப் பிடித்து, திரும்ப விட்டுவிட்டு வந்தாளா என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்கும்போது எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. சொல்லச் சொல்ல இன்னும் பொய்யாக ஆனது. நிழல் விழக்கூடாது என்றேன், வெட்டுக்கிளி என்றேன். மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா, குழந்தையை நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறாள் என்றாள்.

யாரும் அதட்டவில்லை. அம்மா என் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். ஆனால் கேள்வி நிற்கவில்லை. யார் வந்தது. யார் வந்தது. வெளியே வெயில் தாழ்ந்து விளக்குப் போட்டார்கள். எனக்குத் தூக்கம் வந்தது, ஒன்றுக்கு வந்தது, வீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தது. அப்போது மாமா கேள்வியை மாற்றினார். ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

"அந்த ஆளு இன்னா கலர் சட்டை போட்டிருந்தான், பாப்பா?"

"நீலம்," என்றேன்.

எதிரே சுவரில் மாமாவின் நீலச் சட்டை மாட்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். ஆனால் அந்த ஒரு சொல் வந்ததும் அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள், என் தங்கமே என்றாள். மீசை இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றேன். உயரமா? உயரம். ஒவ்வொரு பதிலுக்கும் அவர்கள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. உண்மை சொன்னபோது கிடைக்காத அன்பு இதற்குக் கிடைத்தது. நான் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டேன். போய்விட்டு வா கண்ணு என்றாள் மாமி.

வெளியே அப்பா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அத்தையிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். அடுத்த ஞாயிறும் நானும் அத்தையும் எப்போதும் போலக் கிளம்பினோம். இரண்டு பஸ், இரண்டு மணி நேர நடை. ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எத்தனை இடம் இருந்தது. நான் சொல்லவில்லை. அதைவிட மோசம் ஒன்று உண்டு. பஸ்ஸில் நீலச் சட்டை போட்ட ஆட்களை எல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். மடுவுக்குப் போய்ப் பாறை மேல் உட்கார்ந்ததும், மீசை வைத்த உயரமான ஒரு ஆள் இன்றைக்கு மட்டும் இங்கே வந்துவிட வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். அவன் வந்துவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆகமாட்டேன்.

மழை நின்று நாளாகியிருந்தது. மடு சுருங்கி, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மடு சுருங்கியதும் மீன்கள் எல்லாம் தண்ணீர் விழுகிற பாறையடியில் சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்று பெரியது, என் முழங்கை நீளம் இருக்கும். அதற்குத்தான் அத்தை மூன்று வாரமாக முயன்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அது கடித்தது. கழி அரைவட்டமாக வளைந்தது. அத்தை நூலை விட்டு விட்டுப் பிடித்தாள். ஒரு கணம் தலைக்கு மேலே கழியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் தண்ணீர்.

அவள் பார்த்தது என்னை இல்லை. எனக்குப் பின்னால் அப்பாவும் மாமாவும் நின்றிருந்தார்கள். பைக்கை அமிர்தியில் விட்டுவிட்டு எங்கள் பின்னாலேயே ஏறி வந்திருக்கிறார்கள். மாமா கையில் ஒரு கட்டை இருந்தது.

அத்தை பயப்படவில்லை. முதலில் அவள் கேட்டது என்ன தெரியுமா?

"அண்ணா, வீட்ல யாருக்கு இன்னா ஆச்சு?"

ஏதோ சாவுச் செய்தி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். மாமா, எங்கடி அவன் என்றார். எவன் என்றாள் அத்தை. அந்த நீலச் சட்டைக்காரன் என்று சொல்லிவிட்டு மாமா புதர் புதராக அடித்துக்கொண்டு போனார். மூங்கிலுக்குள், பாறைக்குப் பின்னால், மரத்து மேலே எல்லாம் பார்த்தார். அத்தை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பினாள். கையில் கழி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் நூலை விடவில்லை.

அப்பா மட்டும் எங்கும் தேடவில்லை. கரையில் ஈர மணலைப் பார்த்தபடி நின்றார். பிறகு கழியைப் பார்த்தார்.

மாமா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். ஓடிவிட்டான், நாம் வருவது தெரிந்துவிட்டது என்றார். தண்ணீருக்குள் இறங்கி நூலைப் பிடித்து இழுத்தார், அது அறுந்தது. கழியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தார். மூங்கில் ஒரேயடியாக ஒடியாமல் நாராக நாராகக் கிழிந்தது. அவருக்கு இரண்டு மூன்று தடவை முறுக்க வேண்டியிருந்தது.

அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்து, "மீன் பிடிக்க வந்தேண்ணா. வேற ஒண்ணும் இல்ல," என்றாள்.

அப்பா, துணி மாத்திக்கிட்டு வா என்று மட்டும் சொன்னார்.

வைகாசியில் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை காவேரிப்பாக்கம், ரைஸ் மில்லில் ஃபிட்டர், அத்தையைவிடப் பத்து வயது மூத்தவர். மறைத்துக் கட்டி வைத்தார்கள் என்று பின்னால் பேச்சு வரக்கூடாது என்பதால், பெண்ணுக்கு ஒரு சின்ன விவகாரம் இருந்தது, முடிந்துவிட்டது என்று மாமாவே அவரிடம் சொல்லியிருக்கிறார். கம்பெனி வேலை போயிற்று. கைக்குட்டைகள் சீர்வரிசையில் போகவில்லை, அம்மா அவற்றை அடுப்பில் போட்டாள். ஆபா கல்யாணத்துக்கு வந்திருந்தார், கையில் குழந்தையோடும் ஒரு எவர்சில்வர் குடத்தோடும். மேடையில் அத்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய குடத்தையும் வாங்கவில்லை, பக்கத்தில் நின்ற யாரோ வாங்கினார்கள். அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்தபோது இல்லாததைச் சொல்லித் தன்னைக் காட்டிக்கொடுத்தது ஆபாதான் என்று அத்தை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. பாவாடை சட்டையில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஆபா என்னைப் பார்த்து, இன்னா ஆச்சு இவளுக்கு என்று கண்ணாலேயே கேட்டார். நான் ஓடிப்போய்ப் பந்தியில் உட்கார்ந்துகொண்டேன்.

காவேரிப்பாக்கம் ஏரியை நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கரை கண்ணுக்கு எட்டாது. அத்தை வீடு ஏரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கரைப் பக்கம் தனியாக அவள் போகக்கூடாது என்று புருஷன் முதல் மாதமே சொல்லிவிட்டார். மீன் வீட்டு வாசலுக்கே கூடையில் வரும், வாங்கிக் குழம்பு வைப்பாள். நான் லீவுக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அவள் அரிவாள்மணையில் மீனை அரியும்போது அதன் முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்வாள்.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது, ரிட்டயர் ஆனேன். யாரிடமும் சொல்லவில்லை. அத்தை விஷயத்தில் ஏதோ தப்பு நடந்தது, பெரியவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள், நானும் சின்னப் பெண், பயத்தில் உளறிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் அதில் எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

போன வருஷம் அதுவும் போயிற்று. அப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். எதையோ பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, அவ பொய் சொல்லல என்றார். யார் என்று கேட்டேன். உங்க அத்தை என்றார். அந்த ஈர மணலில் இரண்டே ஜோடிக் கால்தடம்தான் இருந்ததாம். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. மூன்றாவது தடம் எங்கேயும் இல்லை. அதோடு அவள் நூலை விட்டுப் பிடித்த விதம். சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் ஊர் ஏரியில் ஒன்றாகத் தூண்டில் போட்டவர்கள். கண் மூடித் திறப்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது, இவள் மீனுக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று.

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆளு இருந்தான்னா அவளை வேற எடத்துல கட்டி வெச்சு அனுப்பிடலாம்," என்றார் அப்பா. "பொம்பளை தனியா மலையேறிப் போய் மீன் பிடிக்கிறான்னா அதுக்கு இன்னா பண்றது? யாருகிட்ட போய் சொல்றது?"

சொல்லிவிட்டுக் கஞ்சிக்கு வாயைத் திறந்தார். நான் ஊட்டினேன். தெரியாமல் செய்தார்கள் என்று ஐம்பது வருஷமாக நான் மன்னித்து வைத்திருந்த மனிதர், தெரிந்தே செய்திருக்கிறார். இரண்டு வாரத்தில் அவர் இறந்துபோனார்.

காரியம் எல்லாம் முடிந்து ஆடி மாதத்தில் காவேரிப்பாக்கம் போனேன். அத்தைக்கு எழுபத்தைந்து. புருஷன் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் சென்னையில். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாமா வீடு, நீலச் சட்டை, மீசை. அது ஆபா சொன்னது இல்லை, நான் சொன்னது. அப்பாவுக்கு உண்மை தெரிந்திருந்தது.

அப்பா விஷயத்தைக் கேட்டு அவள் அசையவில்லை. தெரியும், அன்றைக்கே அண்ணன் மூஞ்சியில் தெரிந்தது என்றாள். ஆனால் ஆபா பெயரைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவ இல்லையா?"

இல்லை என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு ஆபா மூன்று கடிதம் போட்டாராம். அத்தை ஒன்றையும் பிரிக்கவில்லையாம். ஆபா இப்போது இருக்கிறாரா இல்லையா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

பிறகு அவளாகப் பேச ஆரம்பித்தாள். கல்யாணமான முதல் ராத்திரியே புருஷன் கேட்டாராம், அவன் யார் என்று. யாரும் இல்லை, மீன் பிடிக்கத்தான் போனேன் என்று சொன்னாளாம். மறுநாளும் கேட்டார். பொங்கலுக்குக் கேட்டார், பிள்ளை பிறந்த அன்றைக்குக் கேட்டார், சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார். பதினோரு வருஷம். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார். ஆமாம், இருந்தான் என்று சொல்லிவிட்டாளாம். பெயர் கேட்டார், வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னாளாம்.

"அன்னைக்குத்தான்டி அவரு நல்லாத் தூங்குனாரு. காலைல எழுந்து, உன்னை மன்னிச்சுட்டேன்னாரு. அதுக்கப்புறம் ஒருநாளும் கேக்கல. தங்கமா வெச்சுக்கிட்டாரு."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு இந்தப் பெண் முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். ஏன் அத்தை அப்படிச் சொன்னே என்று கேட்க வாய் வந்தது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன். அவள்தான் என்னைக் கேட்டாள்.

"உன்னை அடிச்சாங்களா?"

"இல்ல அத்தை. யாரும் கை வைக்கல. கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"இவரும் அப்படித்தான். ஒருநாளும் அடிச்சதில்ல." கத்தியை எடுத்து அடுத்த வெங்காயத்தின் தலையைச் சீவினாள். "உனக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ஒரு சாயங்காலம்," என்றேன்.

அத்தை தோலை உரித்தாள்.

"ஒம்போது வயசுக்கு அது ஜாஸ்திதான்," என்றாள்.